தராசு தந்த தீர்ப்பு

‘எரிந்து சாம்பலாயிற்று’ என்று சொல்கிறோம். ஏதும் எஞ்சவில்லை, எல்லாம் தொலைந்தது என்பதே அதற்குப் பொருள். கட்டு விறகு அடுப்பில் எரிந்தால் கடைசியில் கைப்பிடிச் சாம்பல் மிஞ்சுகிறது. மெழுகுவத்தி எரிந்தால் அதுவும் மிஞ்சுவதில்லை. எனவே எரிதல் என்றால் குறைதல், இழத்தல், அழிதல். இது கண் கண்ட உண்மை, இதற்குச் சான்று எதற்கு, சாட்சி எதற்கு என்று உலகம் எண்ணிற்று. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் மக்களின் வாக்கு. நெருப்பைப் பற்றிய இந்த வழக்கிலே அந்தத் தீர விசாரணை, ஐரோப்பாவில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நடைபெற்றது. மன்னர் எவரும் அதற்குத் தீர்ப்பு வழங்கவில்லை. மறைநூல் எதுவும் வழங்கவில்லை. இரண்டு தட்டும் ஒரு முள்ளும் கொண்ட தராசு வழங்கிற்று. அந்த வரலாறு வேதியல் பயிலும் மாணவருக்கு மட்டும் உரியதன்று. எதையும் ஏன், எப்படி என்று கேட்கத் துணிந்த எவருக்கும் உரியது.

காரீயத்தைச் சட்டியிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால், முதலில் அது உருகிப் பளபளக்கும். பின்னர் மேலே பாலாடை போல் ஓர் ஏடு படரும். அதை ஒதுக்கினால் மீண்டும் ஓர் ஏடு. ஒதுக்க ஒதுக்க, உலோகம் முழுதும் உலோகத் தன்மையை இழந்து வெறும் தூளாகிவிடும். இவ்வாறு உலோகத்தைச் சுட்டு நீறாக்கியதை நம் நாட்டு மருத்துவர் பற்பம் என்பர். அச்சொல்லையே இங்கும் ஆள்வோம். உலோகம் போய்ப் பற்பம் வந்தது. பொலிவு போயிற்று, வளையும் தன்மை போயிற்று. போயிற்று, போயிற்று என்று எல்லாம் கூறினரேயன்றி, எடை என்ன ஆயிற்று என்று கேட்டோர் மிகச் சிலர்.

பிரான்சு நாட்டில் பெர்ஜராக் என்னும் ஊரில் புரூன் என்றொரு மருந்து செய்பவர் இருந்தார். அவர் 2 ராத்தல் 6 அவுன்சு வெள்ளீயத்தை இரும்புச் சட்டியிலிட்டு 6 மணி நேரம் காய்ச்சினார். கிடைத்த வெள்ளைப் பற்பத்தை நிறுத்தார். 2 ராத்தல் 13 அவுன்சு இருந்தது! நெருப்பிலே இட்ட பொருள் குறைய வேண்டியிருக்க, 7 அவுன்சு கூடி வந்தது. திகைத்த அவர், ழான் ரே என்னும் மருத்துவரிடம் இதற்குக் காரணம் கேட்டார். ரே சிந்தித்தார், 1630-இல் ஒரு சிறு நூலாகவே விடை தந்தார். மணலிலே நீர் ஒட்டிக்கொண்டால் மணலின் எடை கூடுவது போல, காய்ச்சும்போது காற்று வந்து பற்பத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கூடியது காற்றின் எடையே என்றார். அந்நாளில் காற்றுக்கு எடை உண்டு என்பதையே ஏற்கத் தயங்கினர் பலர். ரே கூறியது ஏறக்குறைய உண்மை. ஆயினும் அதை மெய்ப்பிக்கும் சோதனை அவரிடம் இல்லை. உண்மை உரைத்தார், உறுதி செய்யவில்லை. ஆகவே நூல் மறக்கப்பட்டது. 1777-இல் மறுபதிப்பு வரும்வரை அது மூலையிலே கிடந்தது.

அடுத்து வந்தார், இங்கிலாந்தின் பெரும் விஞ்ஞானி இராபர்ட் பாயில். அவர் கண்ணாடி வாலைக்குள் வெள்ளீயத்தை இட்டு, வாயை உருக்கி மூடி, வெளியிலிருந்து காய்ச்சினார். பிறகு மூடியை உடைத்தார். காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்தது. அதன் பிறகு நிறுத்தார், எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியையே ஊடுருவிச் சென்று உலோகத்தில் தங்கிவிட்டன என்று 1673-இல் எழுதினார். அறிஞர்தாம், சோதனையும் அரிய சோதனைதான். ஆனால் ஒரே ஒரு பிழை! வாலையைத் திறப்பதற்கு முன் அவர் நிறுக்கவில்லை. விடை அவர் காதருகே சீறிக்கொண்டு சென்றது. அவர் அதைக் கணக்கிலே சேர்க்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஸ்டால், பெக்கர் என்னும் முன்னோரின் கருத்தை வளர்த்து ஒரு பெரும் கொள்கையை நிலைநாட்டினார். எரியும் பொருள் ஒவ்வொன்றிலும் ‘புளோஜிஸ்டன்’ என்றொரு நுண்பொருள் குடியிருக்கிறது. எரிதல் என்பது அது வெளியேறுதலே. புளோஜிஸ்டன் நீங்கினால் உலோகம் பற்பமாகிறது. பற்பத்தோடு கரியைச் சேர்த்துக் காய்ச்சினால், கரியிலே நிறைந்துள்ள புளோஜிஸ்டன் பற்பத்துள் புகுந்து மீண்டும் உலோகமாக்குகிறது. இதுவே அக்கொள்கை. இதை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் முறையன்று. விறகு எரிவது, இரும்பு துருப்பிடிப்பது, உயிர்கள் மூச்சு விடுவது என்று தொடர்பே இல்லாதவை போல் தோன்றிய மூன்றையும் ஒரே நூலிலே கோத்த கொள்கை அது. அந்நாளின் தலைசிறந்த அறிஞர்கள் அதை ஏற்றது அறியாமையால் அன்று; அது அத்தனை விளக்கங்களைத் தந்ததனால்தான்.

ஒன்றை மட்டும் அதனால் விளக்க முடியவில்லை. புளோஜிஸ்டன் வெளியேறுகிறது என்றால் உலோகத்தின் எடை குறைய வேண்டுமே, கூடுவது ஏன்? பையிலிருந்து பணத்தை எடுத்த பிறகு பையின் கனம் கூடுமா?

கொள்கையும் அளவும் மோதிக்கொண்டன. மோதும்போது மாற வேண்டியது எது? அளவு மாறாது; ஆகவே கொள்கைதான் மாற வேண்டும். ஆனால் நடந்தது என்ன? கொள்கையைக் காப்பாற்றச் சமாதானங்கள் பிறந்தன. எடை ஒரு சிறு செய்தி, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றனர் சிலர். புளோஜிஸ்டன் மேல் நோக்கி எழும் இயல்புடையது, அது இருக்கும்வரை பொருளைத் தூக்கிப் பிடிக்கிறது, அது நீங்கியதும் பொருள் கனக்கிறது என்றனர் வேறு சிலர். தீழோன் நகர வழக்கறிஞரும் வேதியலாருமான கீத்தோன் தெ மொர்வோ, 1772-இல் உலோகம் பலவற்றையும் காய்ச்சி நிறுத்து, எடை கூடுவது ஐயத்திற்கிடமற்ற உண்மை என்று காட்டினார். காட்டிய அவரே, புளோஜிஸ்டன் காற்றைவிட இலேசானது என்று கூறி அதே கொள்கைக்குக் காவலாகவும் நின்றார். கண்ணால் காணாத ஒன்றைக் காப்பாற்ற, கையால் நிறுத்ததற்குக் கதை கட்டினர்! படித்தோர் கட்டும் கதைக்குப் பாமரர் கட்டும் கதையைவிடப் பலம் அதிகம். அதனால் ஆபத்தும் அதிகம்.

அதே 1772-ஆம் ஆண்டு, பாரிசு நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் கந்தகத்தையும் பாஸ்பரத்தையும் எரித்து, அவையும் எரியும்போது எடை கூடுவதைக் கண்டார். ஈயப் பற்பத்தைக் கரியோடு காய்ச்சியபோது ஏராளமான காற்று வெளிவருவதையும் கண்டார். நவம்பர் 1-ஆம் நாள் அச்செய்தியை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, விஞ்ஞானக் கழகத்தின் செயலாளரிடம் ஒப்படைத்தார். அவரே அந்துவான் லவாய்சியர்.

லவாய்சியர் செய்தது புதுமைகளுக்கெல்லாம் புதுமையான செயலன்று. பாயில் செய்ததையே மீண்டும் செய்தார். ஒரு முறைக்கு மூன்று முறை நிறுத்தார், அவ்வளவே. வெள்ளீயத்தை வாலையிலிட்டு மூடி நிறுத்தார். காய்ச்சியபின், திறக்காமலே நிறுத்தார். எடையில் மாற்றம் இல்லை. ஆகவே நெருப்பின் துகள் ஏதும் கண்ணாடியைத் துளைத்து வரவில்லை. பாயில் கூற்று வீழ்ந்தது. பிறகு திறந்தார், காற்று சீறிப் புகுந்தது, மீண்டும் நிறுத்தார். இப்போது எடை கூடிற்று. எவ்வளவு காற்று புகுந்ததோ, ஏறத்தாழ அவ்வளவே உலோகத்தின் எடையும் கூடியிருந்தது. வாலைக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதியை வெள்ளீயம் தன்னுள் சேர்த்துக்கொண்டது; காலியான இடத்தை நிரப்பவே வெளிக்காற்று விரைந்தது. 1774 நவம்பரில் இதனைக் கழகத்தில் படித்தார். மூடிய வாலையைத் திறக்காமல் நிறுத்தால் எடை மாறாது என்பதை உருசிய நாட்டு லொமனோசோவ் 1756-லேயே கண்டிருந்தார். ஆனால் அச்செய்தி மேற்கே எட்டிப் பயன் தரவில்லை.

சரி, காற்று முழுதுமா சேர்கிறது? அதன் ஒரு பகுதி மட்டுமா? எந்தப் பகுதி? இதற்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1774 ஆகஸ்டு 1-ஆம் நாள், ஜோசப் பிரீஸ்ட்லி 12 அங்குல அகலமுள்ள கண்ணாடி வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து, பாதரசத்தின் சிவந்த பற்பத்தைச் சுட்டார். கரி சேர்க்காமலே பாதரசம் மீண்டது. ஒரு காற்றும் வெளிவந்தது. அதிலே மெழுகுவத்தி பேரொளியோடு எரிந்தது. பின்னர் அதிலே அடைத்த சுண்டெலி, சாதாரணக் காற்றில் வாழ்வதைவிட நெடுநேரம் வாழ்ந்தது. சுவீடன் நாட்டு மருந்து செய்பவர் ஷீலே, இதற்கு முன்பே அக்காற்றைப் பிரித்தெடுத்திருந்தார்; அவர் நூல் அச்சேறியதோ 1777-இல்தான். பிரீஸ்ட்லி அக்டோபரில் பாரிசு சென்றபோது விருந்தொன்றில் லவாய்சியரிடம் தம் சோதனையைப் பற்றிச் சொன்னார். கேட்ட லவாய்சியர் அதன் பொருளை உணர்ந்தார். ஆனால் 1775-இல் தாம் படித்த அறிக்கையில் பிரீஸ்ட்லியின் பெயரைக் கூறாமல் விட்டார். பெரியவர் செய்த சிறுமை இது, மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் லவாய்சியர் நடத்திய சோதனையே இந்த வழக்கின் முடிவான சாட்சியம். 4 அவுன்சு பாதரசத்தை வளைந்த கழுத்துள்ள வாலையிலிட்டு, அளந்த காற்றோடு 12 நாள் இடைவிடாது காய்ச்சினார். இரண்டாம் நாள் சிவந்த துணுக்குகள் மிதக்கத் தொடங்கின. 12-ஆம் நாள் அவை பெருகுவது நின்றது. 50 கன அங்குலம் இருந்த காற்று 42, 43 கன அங்குலமாகக் குறைந்திருந்தது. எஞ்சிய காற்றில் விளக்கு அணைந்தது. உயிர்கள் மூச்சுத் திணறின. சிவந்த பற்பத்தைச் சேர்த்து நிறுத்தார்: 45 கிரெயின். அதை மேலும் கடுமையாகச் சுட்டார். 41½ கிரெயின் பாதரசமும், 7, 8 கன அங்குலக் காற்றும் திரும்பி வந்தன. தொலைந்த காற்று கிடைத்தது! அது விளக்கைப் பேரொளியோடு எரியச் செய்தது. எஞ்சியிருந்த காற்றோடு அதைக் கலந்தார்; பழைய காற்றே மீண்டும் உண்டாயிற்று. உலோகத்திலிருந்து ஏதோ வெளியேறவில்லை. உலோகத்தோடு ஏதோ சேர்கிறது. அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார்.

இனி, கணக்கைப் பார்ப்போம். இன்று பள்ளி மாணவன் உலையும் வாலையும் இல்லாமலே, தாளும் எழுதுகோலும் கொண்டு இந்த எடைக் கூடுதலைச் சொல்லிவிடுகிறான். 1808-இல் வெளிவந்த டால்டனின் நூல் அணுக்கொள்கையை விளக்கிற்று. பெர்சீலியசு போன்றோர் அணு எடைகளை அயராது அளந்தனர். ஆக்சிஜன் அணுவின் எடை 16; மக்னீசியம் 24.3, செம்பு 63.5, இரும்பு 55.85; வெள்ளீயம் 118.7; பாதரசம் 200.6. மக்னீசியம் எரியும்போது ஓர் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு சேர்கிறது. எனவே 24.3 கிராம் மக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்து 40.3 கிராம் வெண்தூள் ஆகும். நூறுக்குக் கணக்கிட்டால், 100 கிராம் ஏறத்தாழ 166 கிராம் ஆகிறது. செம்பின் கரிய பற்பத்திலும் ஒன்றுக்கு ஒன்று. 100 கிராம் செம்பு 125 கிராம் ஆகும். இரும்பின் சிவந்த பற்பத்தில் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன்; அதாவது 111.7-க்கு 48. ஆகவே 100 கிராம் இரும்பு 143 கிராம் ஆகும். நம் வீட்டுக் கதவுக் கீலிலே பிடிக்கும் துருவில் நீரும் கலந்திருப்பதால் அது இன்னும் கனக்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மாசற்ற சிவப்பு இரும்புக் கனியம் 100 டன்னில் எடுக்கக்கூடிய இரும்பு ஏறத்தாழ 70 டன் என்று தெரியும். உலைக்கூடங்கள் நம்பி நிற்பது இந்தக் கணக்கைத்தான்.

இந்த அளவுகோலைப் பழைய சாட்சிகள் மீது வைத்துப் பாருங்கள். புரூன் எடுத்த வெள்ளீயம் 38 அவுன்சு. ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் சேர வேண்டும், அதாவது 118.7-க்கு 32. முழுதும் பற்பமாகியிருந்தால் 10 அவுன்சுக்குச் சற்று மேல் கூடி, 3 ராத்தலைத் தாண்டியிருக்கும். அவருக்குக் கூடியது 7 அவுன்சு. திறந்த சட்டி, உலோகத்தில் சிறிது மாறாமல் நின்றிருக்கலாம், தூள் சிறிது பறந்திருக்கலாம். இப்போது லவாய்சியரின் 45 கிரெயின் சிவந்த பற்பத்தைப் பாருங்கள். 216.6-இல் 200.6 பாதரசம் என்ற கணக்கின்படி அதிலிருந்து வர வேண்டியது 41.7 கிரெயின். அவர் எழுதி வைத்தது 41½. வேறுபாடு ஏறத்தாழ 10 மில்லிகிராம்! அணு எடை என்ற சொல்லே பிறவாத காலத்தில், 12 நாள் தீயருகே விழித்திருந்து ஒருவர் எழுதிய எண், இன்றைய கணக்கோடு கைகோத்து நிற்கிறது. நேர்மையாக அளந்த அளவு நெடுங்காலம் நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1785-இல் லவாய்சியர் புளோஜிஸ்டன் கொள்கையை நேருக்கு நேர் எதிர்த்தார். எல்லாவற்றையும் விளக்குவதற்காக அது வேண்டும்போது கனக்கிறது, வேண்டாதபோது இலேசாகிறது. ஆளுக்கேற்ப வேடமிடும் பொருள் பொருளே அன்று என்பது அவர் வாதத்தின் சாரம். 1789-இல் அவர் வெளியிட்ட வேதியல் நூல், வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் மொத்த எடை ஒன்றே என்னும் நெறியை நிறுவிற்று. அந்நூலின் படங்களை வரைந்தவர் அவர் துணைவியார் மரி ஆன். 13 வயதில் மணமாகி வந்தவர் அவர். வேதியலும் ஆங்கிலமும் கற்று, புளோஜிஸ்டனை ஆதரித்து எழுதப்பட்ட ஆங்கில நூலையே பிரெஞ்சில் பெயர்த்து, கணவர் முதலானோர் அதற்கு மறுப்பெழுத வழி செய்தார். சோதனைக்கூடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

அதற்காக லவாய்சியரை வழிபட வேண்டுமா? வேண்டாம். மக்களை வருத்திய வரி குத்தகைக் கூட்டத்தில் அவர் பங்காளி. அவ்வருவாயில்தான் அவருடைய விலையுயர்ந்த தராசுகளும் வந்தன. அக்குற்றச்சாட்டின் மீது 1794 மே 8-ஆம் நாள் புரட்சி அரசு அவர் தலையை வெட்டிற்று. அந்தக் கொலையையும் நியாயமென்று கூற இயலாது. புளிப்புப் பொருள் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று கருதியே அவர் அப்பெயரை இட்டார். உப்புக்காடியில் அது இல்லையென்று 1810-இல் டேவி காட்டினார். வெப்பத்தையும் ஒரு தனிமமாகவே பட்டியலில் சேர்த்திருந்தார், அதுவும் பொய்த்தது. அவர் அமைத்த தராசிலேயே அவர் கருத்துகளும் நிறுக்கப்பட்டன. விஞ்ஞானத்தின் பெருமை அதுதான். அங்கே குரு உண்டு, குருபீடம் இல்லை.

இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொடும் உருவம் பிரீஸ்ட்லிதான். அவர் பாதிரியார், ஆனால் திருச்சபையின் திரித்துவக் கோட்பாட்டை மறுத்தவர். அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரித்தவர். 1791 ஜூலை 14-ஆம் நாள், பாதிரியும் மன்னரும் வாழ்க என்று கூவிய கும்பல், பர்மிங்காமில் அவர் வீட்டையும் நூல்களையும் சோதனைக்கூடத்தையும் சூறையாடித் தீயிட்டது. 1794-இல் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்றார். இத்தனை துணிவுள்ள அந்த மனிதர், ஆக்சிஜனைத் தம் கையால் பிடித்தவர், அதைப் ‘புளோஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்றே அழைத்தார். 1800-இல் கூடப் புளோஜிஸ்டனை நிலைநாட்ட நூல் எழுதினார். 1804-இல் இறக்கும்வரை மாறவில்லை. சமயத்தில் மறுப்பாளர், வேதியலில் வைதிகர்! மாறாக, புளோஜிஸ்டனுக்குக் கதை கட்டிய கீத்தோன் தெ மொர்வோ, சான்றுகளைக் கண்டதும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1787-இல் லவாய்சியரோடு சேர்ந்து வேதியலுக்குப் புதிய பெயரிடு முறையையே வகுத்தார்.

தோழர்களே! பிறர் கொண்ட மூடநம்பிக்கையை நிறுத்துப் பார்ப்பது எளிது. நாம் கொண்டதைத் தட்டிலே வைக்கும்போதுதான் கை நடுங்குகிறது. ஒரு துறையில் சிந்தனையாளராக இருப்பவர் மறு துறையில் சிந்திக்க மறுக்கக்கூடும் என்பதற்குப் பிரீஸ்ட்லி சான்று. பிழையைக் கண்டபின் மாறுவது இழிவன்று என்பதற்குக் கீத்தோன் சான்று. நம் கருத்தோடு ஓர் அளவு மோதும்போது, அளவுக்குச் சமாதானம் தேடுகிறோமா, கருத்தைத் திருத்துகிறோமா? நாம் யாரென்று காட்டும் கேள்வி அதுவே.

விறகு மட்டும் ஏன் குறைகிறது என்று இப்போது கேட்கலாம். அது குறையவில்லை. அதிலிருந்து வரும் கரியமில வாயுவும் நீராவியும் புகைபோக்கி வழியே போய்விடுகின்றன. அவற்றையும் சாம்பலையும் ஒருசேரப் பிடித்து நிறுத்தால், விறகைவிட எடை கூடியே இருக்கும். கூடியது, காற்றிலிருந்து விறகு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன். எரிந்து சாம்பலாயிற்று என்று நாம் சொல்வது பாதிக் கணக்கு. வாலையின் வாயை மூடிக்கொண்டு நிறுத்தவர்தாம் முழுக் கணக்கையும் கண்டார்.